வாசலில் கேட்கும் சான்றிதழ்

  

இந்தக் கருத்தரங்கின் பொருள், 2005க்குப் பிந்தைய அமெரிக்கத் தனிநபர் திவால் சட்டம். வருமானச் சோதனை முதலியவற்றை அமர்வுகள் கவனித்துக்கொள்ளும். இந்தத் தலைமையுரை எடுத்துக்கொள்வது இரண்டு சான்றிதழ்களை மட்டுமே. மனுப் போடுவதற்கு முந்தைய 180 நாளுக்குள் கடன் ஆலோசனை பெற்றதற்கு ஒன்று. மனுப் போட்ட பிறகு நிதி மேலாண்மைப் பாடம் முடித்ததற்கு மற்றொன்று. பொதுவாக, முன்னது இல்லாதவரின் மனு நிற்காது; பின்னது இல்லாதவருக்குக் கடன் விடுவிப்புக் கிடைக்காது. ஆய்வாளர் பலர் இரண்டையும் ஒன்றாகக் கட்டியே ஆதரிக்கிறார்கள், அல்லது எதிர்க்கிறார்கள். குழப்பம் அங்கேதான்.

2005 டிசம்பர். இந்தச் சான்றிதழ்களைக் கட்டாயமாக்கிய சட்டம் நடைமுறைக்கு வந்து ஏறத்தாழ இரண்டு மாதமே ஆகியிருந்தது. டெக்சஸின் ஆஸ்டின் நகரில் ஒரு தம்பதி, குடியிருக்கும் வீடு பறிபோகாமல் தடுக்க அவசர அவசரமாக மனுப் போட்டார்கள். ஆலோசனை பெற்றிருக்கவில்லை. மனுவை நிராகரிப்பதைத் தவிர நீதிபதி ஃபிராங்க் மன்றோவுக்குச் சட்டம் வேறு வழி விடவில்லை. அந்தத் தீர்ப்பிலேயே அவர் சட்டத்தையும் அதை இயற்றியவர்களையும் கடுமையாகச் சாடினார்.

முதல் சான்றிதழ் தீங்கற்ற சடங்குதான் என்று எழுதிவரும் மதிப்புக்குரிய நண்பர்கள் அந்தத் தீர்ப்பை இன்னொரு முறை படிக்க வேண்டும். 2007இல் ஜி.ஏ.ஓ. என்ற அரசுத் தணிக்கை அமைப்பின் அறிக்கையும் இதையே தொட்டது: பெரும்பாலோர் ஆலோசனைக்கு வரும்போது நிலைமை முற்றிவிடுகிறது, திவாலுக்கு மாற்றாக ஏற்கத்தக்க வழி எதுவும் மிஞ்சுவதில்லை. கட்டணமோ அன்று ஏறத்தாழ 50 டாலர். கையில் ஒன்றுமில்லாதவருக்கு அதுவும் பணம்தான்.

இரண்டாவது சான்றிதழின் கதை வேறு. இங்கே மறக்கப்பட்ட சான்று ஒன்று உண்டு. 2001இல் ஆய்வாளர் ஜீன் பிராச்சர் வெளியிட்ட கள ஆய்வு அது. திவால் சட்டத்தின் 13ஆம் அத்தியாயத்தின்கீழ்த் தவணைத் திட்டத்தை முடிப்பவர்களின் விகிதத்தைக் கடனாளர் கல்வி உயர்த்துவதாக நிறுவ முடியவில்லை என்பதை அவர் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். சட்டம் வந்தது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து! இந்த ஆய்வை அடிக்குறிப்பில் ஒதுக்கியதற்குத் துறை முழுவதுமே பொறுப்பு.

ஆனால் பிராச்சரைக் காட்டிக் கல்வியே வீண் என்பவர்களோடும் உடன்பட இயலாது. அவர் அளந்தது தவணை முடிப்பை. வேலை போனவருக்கும் மருத்துவச் செலவில் மூழ்கியவருக்கும் பாடத்தால் வருமானம் கூடாதுதான். அடுத்த கடனின் வட்டியைக் கணக்கிடும் தெளிவு ஒருவேளை கூடலாம். அதையும் அளந்த பிறகே சொல்ல வேண்டும். அதே 2005 சட்டத்தின் 105ஆம் பிரிவு, பயிற்சித் திட்டமொன்றை 6 நீதிமன்ற மாவட்டங்களில் 18 மாதம் சோதித்துப் பார்க்கச் சொன்னது. அந்தச் சோதனையின் முடிவுக்குக் காத்திராமல் நாடு முழுவதும் பாடம் கட்டாயமாயிற்று.

ஆகவே இந்த அவையின் முன் ஒரு கோரிக்கை: மனுவுக்கு முந்தைய ஆலோசனையைக் கட்டாயத்திலிருந்து நீக்கச் சொல்லித் தீர்மானம் வேண்டும். பாடம் இருக்கட்டும், கட்டணம் இல்லாமல், பயனை ஆண்டுதோறும் அளந்து வெளியிடும் நிபந்தனையோடு.