“நாளை முதல் வரவேண்டாம்!”

(கடைச் சிப்பந்திகள் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை)

பகல் முழுவதும் நின்று களைத்த கால்களோடு இவ்விரவு வேளையிலும் இங்கு வந்து கூடியிருக்கும் தோழர்களே!

“நாளை முதல் வரவேண்டாம்” என்பது மூன்றே சொல். அதனைச் சொல்ல ஒரு முதலாளிக்கு ஒரு மூச்சுப் போதும். கேட்டவனுக்கோ அன்றிரவு வீட்டிலே உலை வைப்பதா விடுவதா என்பதே கேள்வியாகி விடுகின்றது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அம்மூன்று சொல்தான்.

நம் பகுதியிலே புடைவைக் கடையொன்றில் 14 ஆண்டுகள் விற்பனையாளராக இருந்த ஒருவரை நான் அறிவேன். பெயர் வேண்டாம், கடையின் பெயரும் வேண்டாம். தீபாவளி வியாபாரம் முடிந்த மறுவாரம், ஒரு மாலையில், காசு லாச்சியிலே கணக்குக் குறைந்தது. லாச்சியின் திறப்பு மூவர் கையில் இருந்தது. ஆனால் மூவரும் விசாரிக்கப்படவில்லை. அன்று லாச்சிக்கு அண்மையில் நின்றவர் இவர். ஆகவே இவரே குற்றவாளி என முடிவாயிற்று. “நாளை முதல் வரவேண்டாம்” என்றார் முதலாளி.

இவர் அந்த முதலாளியை “அண்ணை” என்று அழைத்துப் பழகியவர். மகளின் கலியாணத்தை முன்னின்று நடத்தித் தந்தவரும் அதே முதலாளிதான். “கோபம் தணிந்தால் அண்ணை கூப்பிடுவார்” என்று நம்பிக் காத்திருந்தார். தைப்பொங்கல் வந்தது, சித்திரை வருடப்பிறப்பும் வந்தது, அழைப்பு மட்டும் வரவில்லை. ஆடிப்பிறப்பை அண்டி, எட்டாம் மாதத்திலே, என் வாசலுக்கு வந்தார். வேலை நீக்கம் பற்றித் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கச் சட்டம் விதித்திருக்கும் காலமோ 6 மாதம். நான் என்ன செய்வேன்? சபையின் கதவு சாத்தப்பட்டுவிட்டது என்று அவருக்குச் சொல்ல நேர்ந்தபோது, அவர் என்னை நோகவில்லை; அண்ணையையும் நோகவில்லை. “களவெடுத்தவன் என்று ஊர் சொல்லுதே, அதற்கு என்ன செய்யலாம்?” என்று மட்டும் கேட்டார். சம்பளத்தை அவர் முதலிற் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதற்குமேலும் ஒன்றுண்டு. அவருக்காக நான் அக்கடைக்குக் கடிதம் எழுதினேன். வந்த மறுமொழி யாது? “நாம் எவரையும் நிறுத்தவில்லை, அவராகவே வேலைக்கு வராமல் விட்டார்.”

தோழர்களே! வாய்ச்சொல்லால் வேலை நீக்குவதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கின்றது. நியாய சபையின் முன்னே, “ஆம், நான்தான் நிறுத்தினேன்” என்று முதலாளி ஒப்புக்கொள்வாரானால், நிறுத்தியது நியாயமானதே என்று காட்டும் பொறுப்பு அவர் தலையில் விழும். “நான் நிறுத்தவேயில்லை” என்று மறுப்பாரானால், நிறுத்தப்பட்டதை முதலில் நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் தோளுக்கு மாறிவிடும். எழுத்தில்லை, சாட்சியில்லை, கூட வேலை செய்பவர்களோ தம் சோற்றுக்கு அஞ்சி வாய் திறவார். கோபத்திலே சொன்ன மூன்று சொல், பின்னர் ஒரு சட்டத்தரணியின் கையிலே கேடயமாகி விடுகின்றது.

“அவராகவே விட்டார்” என்னும் இவ்வார்த்தையைக் கடைக்காரர் மாத்திரம் கையாளவில்லை. 1980 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நடந்த வேலைநிறுத்தத்தை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஏறத்தாழ 40,000 பேர், சிங்களவரும் தமிழரும், ஒரே வீச்சிலே தொழிலிழந்தனர். அவர்களை வேலைநீக்கம் செய்ததாக அன்றைய அரசு கூறிற்றா? இல்லை. அவர்கள் “தம் பதவியைத் தாமே விட்டு நீங்கியவர்கள்” என்று கருதப்படுவர் என்றது. குற்றப்பத்திரமும் இல்லை, விசாரணையும் இல்லை. லாச்சிக் கடை முதலாளியும் நாட்டின் அரசும் ஒரே வாக்கியத்தைத் தேடிச் சென்றமை தற்செயலன்று. கேளாமல் தண்டிப்பது வெட்கத்துக்குரியது என்று இருவருக்கும் தெரியும். ஆதலால் தண்டித்ததையே மறுக்கின்றனர்.

முன்னாளிலே நிலைமை இன்னும் கொடிது. 1865 ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்கீழ், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டகன்ற தொழிலாளி சிறை செல்ல நேர்ந்தது. மலையகத் தோட்டங்களிலே “துண்டு” முறை நிலவிற்று. கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு துரை மற்றத் துரைக்கு எழுதும் சீட்டு அது. அஃதில்லாமல் தொழிலாளி அசைய முடியாது. 1921 ஆம் ஆண்டிலேதான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நகரத்துச் சிப்பந்திக்கு இத்தகைய விலங்கு இல்லை என்பது உண்மை. ஆயினும் அநியாயமாக விலக்கப்பட்டவன் நீதிமன்றம் சென்றாலும், பெரும்பாலும் முன்னறிவித்தற் காலத்துச் சம்பளத்துக்கு மேல் எதையும் பெறுவதற்கு வழியிருக்கவில்லை.

1950 ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தை 1957 இல் திருத்தித் தொழில் நியாய சபைகளை உண்டாக்கியபோதுதான் இந்நிலை மாறிற்று. அதற்கு முந்திய ஆண்டிலே சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்த அதே பண்டாரநாயக்கா அரசாங்கமே இதனையும் செய்தது. அவ்வரசாங்கத்தின்மேல் நமக்குள்ள மனக்குறை சிறிதன்று. ஆயினும் செய்த நன்மையை மறைப்பது அறமாகாது. நீதியும் ஒப்புரவுமானது எனத் தோன்றும் கட்டளையை அச்சபை இடலாம். தொழில் ஒப்பந்தத்திலே மாறாக என்ன எழுதியிருந்தாலும் நிவாரணம் அளிக்கலாம். மீண்டும் வேலைக்கு அமர்த்தும்படியும் பணிக்கலாம். முதலாளிமார் இதனை எளிதில் விடவில்லை. சபைத் தலைவர்களின் நியமனமே செல்லாது என்று வழக்காடி, இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றனர். 1967 இல் அக்கழகம், நீதிபதிகளிடையே கருத்து வேறுபட்டிருந்தும், பெரும்பான்மையால் சபைகளைக் காத்தது.

1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் இன்னும் ஒருபடி சென்றது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணமன்றி எவரையும் நிறுத்துவதானால், அவரது எழுத்திலான சம்மதமோ தொழில் ஆணையாளரின் எழுத்திலான அனுமதியோ முன்கூட்டியே வேண்டும். ஒழுக்காற்றுக் காரணத்தால் நிறுத்தினாலும், நிறுத்திய நாளுக்குப் பின்வரும் இரண்டாவது வேலைநாள் முடியுமுன் காரணத்தை எழுத்திலே அறிவித்தல் வேண்டும். நம் கடைவீதியிலே எத்தனை கடைக்காரருக்கு இது தெரியும்? தெரிந்த சிலரோ 14 ஆம் ஆளோடு கணக்கை நிறுத்திக்கொள்ளும் சாமர்த்தியசாலிகள்! எனினும் அவர்களும் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: ஆட்தொகை எவ்வளவு குறைந்தாலும் நியாய சபையின் வாசல் திறந்தே இருக்கும்.

முதலாளிமார் சிலர் இக்கூட்டத்திலும் இருக்கின்றீர்கள்; முகம் சுளிக்க வேண்டாம். கையும் களவுமாகப் பிடிபட்டவனை வைத்திருங்கள் என்று எவரும் கேட்கவில்லை. ஐயமிருந்தால் விசாரணை முடியும்வரை இடைநிறுத்தி வையுங்கள். குற்றச்சாட்டை எழுதிக் கொடுங்கள். மறுமொழி சொல்ல நாள் கொடுங்கள். திறப்பு வைத்திருந்த மூவரையும் கேளுங்கள். மொழியின் பெயரால் நம் எழுதுவினைஞர்கள் பதவி உயர்வை இழந்தபோது, “எங்களைக் கேட்டீர்களா?” என்று கொழும்பை நோக்கிக் குரலெழுப்பிய சமூகம் இது. அதே கேள்வியை நம் கடையில் நிற்கும் பையன் கேட்டால் மாத்திரம் அது திமிராகி விடுமா?

இனி அந்தப் புடைவைக் கடைக்காரரின் கதைக்கு வருவோம். அங்கே 20 பேருக்கு மேல் வேலை செய்தனர். ஆதலால் 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் அவருக்குக் கைகொடுத்தது. ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளமாக, 14 ஆண்டுக்கு 7 மாதச் சம்பளம். “களவு” என்று சொல்லி முழுவதையும் மறுக்கப் பார்த்தனர். களவு நிரூபிக்கப்பட்டாலும் ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்கே பணிக்கொடையைப் பிடிக்கலாம் என்பது சட்டம். ஊழியர் சேமலாப நிதியோ அவருடைய சொந்தக் காசு. அதில் எவரும் கைவைக்க முடியாது. இரண்டும் வந்து சேர்ந்தன. பெயருக்கு ஏற்பட்ட களங்கத்தைத் துடைக்கத்தான் இடமில்லாமற் போயிற்று; விசாரணை நடந்தாலன்றோ குற்றமற்றவன் என்ற தீர்ப்பு வரும்?

ஆகவே, அம்மூன்று சொல் உங்கள் காதில் விழுமானால், அன்றிரவு அழுது தீருங்கள். மறுநாட் காலை வழக்கமான நேரத்துக்குக் கடை வாசலில் நில்லுங்கள். தனியே போகாமல் ஒருவரைச் சாட்சியாக அழைத்துச் செல்லுங்கள். திருப்பி அனுப்பினால் நேரே தபாற்கந்தோருக்குச் செல்லுங்கள். “இன்ன நாள் வேலைக்கு வந்தேன், இன்னார் தடுத்தார், காரணத்தை எழுத்திலே தருக, நான் இன்றும் வேலை செய்ய ஆயத்தமாக இருக்கின்றேன்” என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பிரதியொன்றையும் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். வெற்றுத் தாளிலோ, நீங்களாகவே விலகுவதாக எழுதிய தாளிலோ, கணக்குத் தீர்ப்பதாகச் சொன்னாலும் கையொப்பமிட வேண்டாம். ஆறு மாதத்தை எண்ணத் தொடங்குங்கள்.

அக்கடிதத்தின் மாதிரிப் படிவத்தை வாசலிலுள்ள மேசையில் வைத்திருக்கின்றோம். போகும்போது ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள். வர இயலாமற்போன தோழர்களுக்கும் ஒன்று கொண்டு போங்கள்.