மலைப்பாதையும் மாறும் ஆட்சியும்

(கொல்லிமலைச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கிறோம். அரசியலும் நம்மூரில் வளைந்து வளைந்துதான் போகிறது. 1989 முதல் 2011 வரை ஆறு சட்டமன்றத் தேர்தல். ஆறிலும் ஆட்சி மாறியது. 2016-இல் மட்டும் அ.தி.மு.க. தொடர்ந்தது. 2021-இல் மறுபடி மாற்றம்.

மக்கள் மனசு அடியோடு மாறிடுச்சா? அப்படியில்லீங்க. 2006-இல் அ.தி.மு.க. தனியாக வாங்கியது 32 சதவீதத்துக்கு மேல். தி.மு.க.வுக்கு 26 சதவீதம் சொச்சம்தான். ஆனாலும் ஆட்சி தி.மு.க.வுக்கு; காரணம் கூட்டணிக் கணக்கு. தொகுதிக்குத் தொகுதி ஒரு ஓட்டு அதிகம் வாங்கினவர் ஜெயிக்கிற முறையில், சிறு சாய்வுகூடப் பெரிய வெற்றியாகத் தெரியும். 1991-இல் தி.மு.க.வுக்கு 2 இடம், 1996-இல் 173!

அமெரிக்காவின் பெரிய மாநிலங்கள் மெதுவாகத் திரும்புகின்றன. அதிபர் தேர்தலில் டெக்சாஸ் கடைசியாக ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்தது 1976-இல். அதற்குப் பிறகு குடியரசுக் கட்சிதான். கலிபோர்னியா 1992 முதல் ஜனநாயகக் கட்சிப் பக்கம். முடிவு தெரிந்த ஊருக்கு வேட்பாளர் ஏன் மெனக்கெட்டு வரப்போகிறார்?

நாம் கூடியிருக்கும் இந்த மலை, சேந்தமங்கலம் பழங்குடியினர் தொகுதியில் இருக்கிறது. 2006-இல் தி.மு.க., 2011-இல் அ.தி.மு.க. கூட்டணியில் நின்ற தே.மு.தி.க., 2016-இல் அ.தி.மு.க., 2021-இல் மீண்டும் தி.மு.க. நான்கு முறையும் வெவ்வேறு கை. நான்கு முறையும் ஆட்சி அமைத்த அணி. யாருக்கும் சொந்தமில்லாத தொகுதி என்பதால் எல்லோரும் இந்த மலை ஏறி வந்து கேட்டாக வேண்டும். அது இம்மக்களின் பலம்.

பலவீனமும் உண்டு. பொறியாளனாகச் சொல்கிறேன். ஒரு மலைச்சாலைக்கு சர்வே, எஸ்டிமேட், வனத்துறை அனுமதி, டெண்டர், வேலை என்று போனால் ஐந்து வருஷம் போதாமல் போகலாம். ஆட்சி மாறும்போது கோப்பு அடியில் போய்விட்டால், பிரசவ வலியோடு டோலியில் இறங்கும் தாய்க்கு யார் ஜெயிச்சு என்ன பயன்?

எனவே நண்பர்களே, நம்மில் பலர் அரசுத்துறையில் இருக்கிறோம், பலர் வெளியே இருக்கிறோம். நாம் படித்த படிப்பு ஒரு கட்சிக்கு உரியதல்ல. இம்மலையில் பாதியில் நிற்கும் வேலைகளைப் பட்டியல் எடுப்போம். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு கோப்பின் நிலையையும் கேட்போம். அந்தப் பட்டியலை எல்லாக் கட்சி வேட்பாளர் கையிலும் கொடுப்போம்.

ஆட்சி மாறட்டும், வேலை நிற்க வேண்டாம்.