பட்டியலில் நம் பெயர்



அறிவியல் வகுப்பறையை விட்டு வீட்டுப் பேச்சுக்கு வரவேண்டும் என்பது இந்தக் கல்லூரியில் இன்றைய சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை நிறுவியவரின் விருப்பம் என்று அழைப்புக் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தீர்கள். ஆகவே வீட்டுக்கு மிக அருகில் உள்ள ஓரிடத்திலிருந்து தொடங்குகிறேன். ஜெராக்ஸ் கடை.

இப்போது அந்தக் கடைக்கு யாரும் பென் டிரைவ் கொண்டுபோவதில்லை. கண்ணாடியில் ஒரு எண்ணை ஒட்டி, 'இதற்கு வாட்ஸ்அப் பண்ணவும்' என்று எழுதியிருப்பார்கள். ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ், பாஸ்புக்கின் முதல் பக்கம், மனைவியின் ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் அந்த எண்ணுக்குப் போகின்றன. தாள் வெளியே வருகிறது, காசைக் கொடுத்துவிட்டு நாம் நடையைக் கட்டுகிறோம். கோப்பு அந்தக் கைப்பேசியிலேயே இருக்கிறது. இரவு அந்தக் கைப்பேசி கடைப் பையனோடு வீட்டுக்குப் போகிறது. எப்போது அழியும்? 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வரும்போது அழியும். நடைமுறையில் நம் ஊரின் தரவு அழிப்புக் கொள்கை அதுதான். கடைக்காரரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் யாரையும் ஏமாற்றவில்லை, நாமும் அவரிடம் எதையும் கேட்கவில்லை.

அந்தக் கோப்பு யாருடையது என்று கேட்டால், எல்லோரும் உடனே சொல்வது "என்னுடையதுதான்" என்ற விடையைத்தான். 'என் தகவல், என் சொத்து' என்பது மேடைகளிலும் நன்றாகக் கைதட்டு வாங்கும் வாசகம். அந்த விடை நமக்கு உதவாது என்பதும், சில வேளைகளில் நம்மையே அது ஏமாற்றும் என்பதும்தான் இன்று நான் சொல்ல வந்தது.

சொத்து என்ற எண்ணம் எங்கே நன்றாக வேலை செய்யும் என்பதற்குத் தமிழரிடமே நல்ல சான்று உண்டு. பாரதியின் படைப்புகள் மீதான உரிமை அவர் காலத்துக்குப் பின் பல கைகளில் இருந்தது. பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஏ.வி. மெய்யப்பனிடம் இருந்தது. 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு அந்த உரிமைகளைப் பெற்றது. பின்னர் அவை மக்களுக்கே பொதுவாயின. இது நடந்ததற்குக் காரணம், அங்கே கொடுக்கவும் வாங்கவும் கூடிய ஒன்று இருந்ததுதான். பாட்டுக்கு ஒரு வடிவம் உண்டு, எழுதியவர் ஒருவர் உண்டு, உரிமைப் பத்திரம் உண்டு. என் ரத்த வகைக்கோ, நேற்று மாலை நான் எந்தத் தெருவில் நின்றேன் என்பதற்கோ அப்படிப் பத்திரம் எழுத முடியுமா?

அமெரிக்காவில் ஒருவர் எழுதிப் பார்த்தார். ஜான் மூர் என்பவர் ரத்தப் புற்றுநோய்க்காக 1976இல் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்ந்தார். மண்ணீரலை எடுத்தார்கள். பிறகும் ஆண்டுக்கணக்கில் அவரை வரவழைத்து ரத்தம், மஜ்ஜை என்று மாதிரிகள் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். சிகிச்சைக்காகத்தான் என்று அவர் நினைத்தார். அவருடைய செல்களிலிருந்து ஆய்வகத்தில் ஒரு செல் வரிசையை வளர்த்து, மருத்துவரும் பல்கலைக்கழகமும் 1984இல் காப்புரிமையும் பெற்றுவிட்டார்கள். மூர் வழக்குப் போட்டார். 1990இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு பலரைக் கொதிக்கவைத்தது: உடலை விட்டு வெளியேறிய செல்கள் மீது உனக்குச் சொத்துரிமை இல்லை. ஆனால் அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது. உன் உடலிலிருந்து எடுப்பதில் தனக்குப் பண ஆதாயமும் ஆய்வு ஆதாயமும் இருப்பதை மருத்துவர் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், மறைத்தது தவறு, அதற்காக நீ வழக்காடலாம்.

முதல் பாதி மட்டுமே பேசப்படுகிறது. எனக்குப் பெரிதாகத் தெரிவது இரண்டாம் பாதிதான். உடைமை இல்லாத இடத்திலும் கடமை உண்டு என்று அது சொல்கிறது. ஜெராக்ஸ் கடைக் கோப்பு என் சொத்தா என்று வழக்காடுவதைவிட, வேலை முடிந்ததும் அதை அழிப்பது அவர் கடமையா என்று கேட்பது நேரடியான கேள்வி, விடையும் கிடைக்கும்.

இந்தியாவில் தனியுரிமைச் சட்டத்தின் முக்கியமான திருப்பம் ஒன்று செங்கல்பட்டுக் கிளைச் சிறையிலிருந்து வந்தது. இன்றைய மாணவர்களுக்கு ஆட்டோ சங்கர் என்ற பெயர் ஒரு பழைய கொலை வழக்கு, அவ்வளவுதான். மரண தண்டனை பெற்ற அவர், சிறையில் இருந்தபோது தன் வாழ்க்கையை எழுதினார். அதில் காவல் அதிகாரிகள் உள்ளிட்ட பலரோடு தமக்கு இருந்த தொடர்பு வருகிறது என்று சொல்லப்பட்டது. நக்கீரன் இதழ் அதைத் தொடராக வெளியிடப்போவதாக அறிவித்தது. 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது: இது பொய், சிறை விதிகளுக்கு முரண், வெளியிடக் கூடாது. ஆசிரியர் கோபால் உச்ச நீதிமன்றம் போனார்.

அந்த வழக்கில் எத்தனை பேருடைய தகவல் ஒன்றாகக் கிடந்தது என்று பாருங்கள். கதை கைதியுடையது. கதைக்குள் வரும் பெயர்கள் அதிகாரிகளுடையவை. வெளியிடுவது பத்திரிகை. படிக்கும் உரிமை ஊர் மக்களுக்கு. 'யாருடைய சொத்து' என்று கேட்டிருந்தால் நால்வரும் கை தூக்கியிருப்பார்கள். நீதிபதிகள் ஜீவன் ரெட்டியும் சென்னும் 1994 அக்டோபரில் தந்த தீர்ப்பு வேறு வழியில் போனது. தன்னைத் தன் பாட்டில் விடுமாறு கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு; தன் திருமணம், குடும்பம், பிள்ளைப்பேறு, கல்வி பற்றி அவர் அனுமதியின்றி எழுதக் கூடாது. ஆனால் பொது ஆவணத்தில் ஏறிவிட்டதை எழுதலாம். அதிகாரி தம் பணியில் செய்ததைத் தனியுரிமை என்று போர்த்திக்கொள்ள முடியாது. வெளியிடுவதற்கு முன்பே தடுக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை, அவதூறு என்றால் பிறகு வழக்குப் போடட்டும். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தார்கள். அந்தப் பெரிய தீர்ப்பைக் கொண்டாடுகிறோம், சரி. எனக்கு என்னவோ, பதவியில் இருப்பவரின் மறைப்பையும் சாதாரண மனிதரின் மறைவையும் பிரித்துப் பார்த்த அந்தச் சிறைக் கதைத் தீர்ப்பின் மேல்தான் கூடுதல் மதிப்பு.

"பெயரை எடுத்துவிட்டால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அறிவியல் மாணவர்கள் இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1990களில் தன் ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. ஆளுநர் வில்லியம் வெல்ட் யாருக்கும் ஆபத்தில்லை என்று உறுதி சொன்னார். லடான்யா ஸ்வீனி என்ற ஆய்வு மாணவி 20 டாலர் கொடுத்து ஆளுநர் வசித்த கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கினார். அந்த ஊரில் ஆளுநரின் பிறந்த தேதி கொண்டவர்கள் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் ஒருவர்தான். ஆளுநரின் நோய்க்குறிப்பு கையில் வந்துவிட்டது.

நம் நாட்டுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 365 நாள், உயிரோடு இருப்பவர்களின் பிறந்த ஆண்டுகள் ஒரு 80, ஆண் பெண் என இரண்டு. பெருக்கினால் 58,400 பெட்டிகள். இந்தியாவில் ஏறத்தாழ 19,000 பின்கோடுகள். 140 கோடியை அந்த எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பின்கோடுக்குச் சுமார் 74,000 பேர். ஒரு பெட்டிக்குச் சராசரியாக ஒருவருக்குக் கொஞ்சம் மேல். மக்கள்தொகை சீராகப் பரவியிருப்பதில்லை, வயதும் அப்படித்தான், ஆகவே இது தோராயம். இருந்தாலும் பின்கோடும் பிறந்த தேதியும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்தால், பெயர் இல்லாமலே ஒருவரை நெருங்கிவிடலாம். மருந்துக் கடை, துணிக்கடை, செல்போன் செயலி என்று எல்லாரும் ஏன் பிறந்த நாளைக் கேட்கிறார்கள் என்பது இப்போது புரியும். வாழ்த்து அனுப்ப மட்டுமல்ல. பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் உத்தேசமாக ஜூன் மாதத்துத் தேதி ஒன்றைப் போட்டுவிட்ட நம் பெரியவர்கள் இந்த வகையில் பாக்கியசாலிகள். ஒரே தேதியில் ஊரே பிறந்திருக்கும், கூட்டத்தில் அவர்களைத் தேடுவது கடினம்.

சொத்து வாதம் அடியோடு சரிவது மரபணுவில். 2018இல் கலிபோர்னியாவில் பல பத்தாண்டுகளாகப் பிடிபடாத ஒரு தொடர் கொலைகாரரைக் காவல்துறை கண்டுபிடித்தது. அவர் எங்கும் தம் மரபணுவைக் கொடுக்கவில்லை. வம்சாவளி தேடும் இணையதளத்தில் இருந்த தூரத்து உறவினர்களின் மரபணுவே வழிகாட்டியது. கொலைகாரர் பிடிபட்டதில் மகிழ்ச்சி. ஆனால் அதே கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. என் மரபணுவில் பாதி என் அண்ணனிடமும் இருக்கிறது, எட்டில் ஒரு பங்கு என் சித்தப்பா மகனிடம். அவன் எச்சிலை ஒரு குப்பியில் துப்பி அனுப்பினால் என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறான். ட்வென்டிதிரீ அண்ட் மீ என்ற நிறுவனத்தில் 2023இல் நடந்த ஊடுருவலில் நேரடியாகத் திறக்கப்பட்ட கணக்குகள் ஏறத்தாழ 14,000. உறவுமுறைத் தேடல் வழியாகத் தகவல் வெளியேறியவர்களோ சுமார் 69 லட்சம் பேர். 2025இல் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தபோது, ஏலத்துக்கு வந்த சொத்துகளில் முக்கியமானது ஒன்றரைக் கோடி வாடிக்கையாளர்களின் மரபணுத் தரவு. தகவலைச் சொத்து என்று ஒப்புக்கொண்டால், அடுத்து அது ஏலத்துக்கும் வரும்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு பட்டியலுக்கு வருகிறேன். இங்கேதான் நான் தனியுரிமை நண்பர்களோடு முரண்படுகிறேன். ராஜஸ்தானில் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு, அரசு வறட்சி நிவாரண வேலைகளின் மஸ்டர் ரோல்களை ஊர் நடுவே உரக்கப் படிக்கும் கூட்டங்களை 1994 முதல் நடத்தியது. யார் பெயர், எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி. படிக்கப் படிக்கக் கூட்டத்தில் குரல்கள் எழும்: அவர் செத்து வருஷமாச்சே, இவர் ஊரிலேயே இல்லையே, நான் அந்த வேலைக்கே போகவில்லையே. 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வேர் அந்தக் கூட்டங்களில் இருக்கிறது. நூறு நாள் வேலையின் சமூகத் தணிக்கையும் கிராம சபையும் அதே முறையில்தான் இயங்கின. பெயரும் கூலியும் தனிப்பட்ட தகவல்தானே? ஆமாம். அதை மறைத்தால் பாதுகாக்கப்படுபவர் கூலிக்காரர் அல்ல, கள்ளப் பெயர் எழுதியவர்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இதை முதலில் நுணுக்கமாகவே கையாண்டது. பொதுப்பணியோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலை மறுக்கலாம், பொதுநலன் பெரிதென்றால் கொடுக்க வேண்டும் என்று அந்த உட்பிரிவிலேயே எழுதியிருந்தது. 2023இல் வந்த எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த உட்பிரிவைச் சுருக்கி, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கிவிட்டது. பொதுநலனுக்காகத் தரலாம் என்ற வேறொரு உட்பிரிவு இன்னும் இருக்கிறதே என்று அரசுத் தரப்பு சொல்கிறது. இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அலுவலக நாற்காலியில் இருப்பவருக்கு 'முடியாது' என்று எழுத ஒரு வரி போதும். 'பொதுநலன் பெரிது' என்று எழுத அவர் யோசிக்க வேண்டும், காரணம் காட்ட வேண்டும், மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும். நாற்காலிகள் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

அதே சட்டம், தரவைக் கையில் வைத்திருப்போர் மீது கடமைகளைச் சுமத்தியதில் நல்லதுதான் செய்திருக்கிறது. எதற்காக வாங்கினாயோ அதற்கே பயன்படுத்து, வேலை முடிந்தால் அழி, கசிந்தால் சம்பந்தப்பட்டவருக்குச் சொல். தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். மூர் வழக்கின் இரண்டாம் பாதி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளவும் இடம் வைத்திருக்கிறது. கடைக்காரரைக் கேட்கலாம், அரசைக் கேட்பதுதான் சிரமம் என்ற நிலை வந்தால், ஆட்டோ சங்கர் தீர்ப்பு காட்டிய வழிக்கு அது நேர் எதிர்.

இந்தக் கல்லூரிக்கே வருகிறேன். விருந்தாளி சொல்வதால் கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சேர்க்கைப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். பெயர், மதிப்பெண், இனப் பிரிவு. மாணவனின் சாதியைப் பொதுவில் ஒட்டலாமா என்று யாராவது கேட்டால், என் விடை: ஒட்டத்தான் வேண்டும். இட ஒதுக்கீடு ஒழுங்காக நடந்ததா என்று வெளியே நிற்கும் ஒரு தகப்பனார் விரல் வைத்து எண்ணிப் பார்க்க அந்தப் பத்தி வேண்டும். ஆனால் அதே எக்செல் கோப்பில் கைப்பேசி எண்ணும், முழுப் பிறந்த தேதியும், குடும்ப வருமானமும் இருக்கும்; சில இடங்களில் அவையும் சேர்ந்தே அச்சாகின்றன. மாணவியின் எண் பலகையில் இருந்தால் அன்று இரவே யாரோ அழைப்பார்கள். தட்டச்சு செய்பவருக்கு எந்தப் பத்தியை நீக்குவது என்று யாரும் சொல்லவில்லை, அவர் உள்ளதை அப்படியே அச்சிடுகிறார். ஒவ்வொரு பத்திக்கும் 'இது யாருக்கு எதைச் சரிபார்க்க உதவுகிறது?' என்று ஒரு கேள்வி போதும். விடை கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள், கிடைக்காவிட்டால் எடுத்துவிடுங்கள். அடுத்த சேர்க்கைக்கு முன் முதல்வர் அவர்கள் கையெழுத்திட்ட ஓர் அரைப்பக்க அலுவலகக் குறிப்பு இதற்குப் போதுமானது. சேர்க்கை முடிந்தபின் அந்தக் கோப்பு எந்தெந்தக் கணினியில், எத்தனை வாட்ஸ்அப் குழுவில் தங்கியிருக்கிறது என்பதை மாணவர் மன்றம் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்கட்டும்.