“எனக்குத் தலை சுற்றுகிறது” என்று எப்படிச் சொல்வது?

(நமது அறக்கட்டளையின் ஞாயிறு ஆங்கில வகுப்புத் தொடக்கத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



மதிப்பிற்குரிய பெரியோர்களே, தாய்மார்களே, இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருக்கும் தம்பிமார்களே!

நம் பிள்ளை ஒருவருக்குச் சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். இரவு ஷிப்டில் தலை சுற்றியிருக்கிறது. சூப்பர்வைசர் வெளிமாநிலத்தவர். “சார், மை ஹெட் ரவுண்ட்” என்றார் தம்பி. ‘என் தலை உருண்டை’ என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. சிரித்துவிட்டுப் போய்விட்டார். தம்பி வெட்கப்பட்டு மறுபடி மெஷினில் நின்றார். அரை மணி நேரத்தில் மயங்கி விழுந்தார். அல்ஹம்துலில்லாஹ், பின்பக்கமாக விழுந்தார்.

அவருக்குச் சொற்கள் தெரியும். அவற்றை வைக்கும் இடம்தான் தெரியவில்லை.

தமிழில் “நான் அவரை நம்புகிறேன்”, “அவரை நான் நம்புகிறேன்” இரண்டும் ஒன்றுதான். ‘அவரை’ என்பதிலுள்ள ‘ஐ’ காப்பாற்றிவிடும். மதரஸாவில் “ளரப ஸைதுன் அம்ரன்” என்று ஓதியவர்களுக்குத் தெரியும். ‘உன்’ வந்தால் அடித்தவர், ‘அன்’ வந்தால் அடி வாங்கியவர். ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் இந்த வால் கிடையாது. முன்னால் நிற்பவர் செய்பவர், பின்னால் நிற்பவர் படுபவர். இடம் மாறினால் அடித்தவரே அடி வாங்கியவராகிவிடுவார்!

உணர்ச்சியைச் சொல்வதில் இன்னொரு சிக்கல். தமிழில் பயம் நமக்கு வருகிறது: “எனக்குப் பயமாக இருக்கிறது.” அதை அப்படியே மாற்றி “மீ ஃபியர்” என்கிறோம். ஆங்கிலத்தில் ‘எனக்கு’ வேண்டாம், ‘நான்’ என்று தொடங்க வேண்டும்: “ஐ ஆம் அஃப்ரெய்ட்.” அரபியில் “அன ஹஸீன்” என்றால் ‘நான் கவலையாக இருக்கிறேன்’, இரண்டே சொல், நடுவில் ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் நடுவில் ‘ஆம்’ கட்டாயம்: “ஐ ஆம் சேட்.”

மூன்று நாற்காலி என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆள், நடுவில் இணைப்புச்சொல், கடைசியில் உணர்ச்சி. “ஐ ஆம் டயர்ட்.” “ஹீ இஸ் ஆங்ரி.” “ஐ ஃபீல் டிஸ்ஸி.” இந்தக் கடைசி வாக்கியம்தான் அன்று தம்பிக்கு வேண்டியிருந்தது. இல்லை என்பதற்கு, ‘ஆம்’ என்பதற்குப் பின் ‘நாட்’: “ஐ ஆம் நாட் வெல்.” கேள்வி என்றால் முதல் இரண்டு நாற்காலியும் இடம் மாறும்: “ஆர் யூ டயர்ட்?”

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. அதற்குப் பின் ஒரகடம் வரை எத்தனையோ ஆலைகள் வந்துவிட்டன. கொரியாக்காரர், ஜப்பான்காரர், வடமாநிலத்தவர் என்று பலரோடு நம் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்கள் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல. பெரிய ஆங்கிலம் யாருக்கும் வேண்டாம். மூன்று சொல் சரியான வரிசையில் வந்தால் போதும்.

சிலர், “பயம், களைப்பு என்று சொல்வது சபூர் இல்லாத தன்மை” என்கிறார்கள். ஃபிர்அவ்னிடம் செல்லும்படி கட்டளை வந்தபோது, மூஸா (அலை) அவர்கள் தமக்கிருந்த அச்சத்தை அல்லாஹ்விடம் மறைக்கவில்லை. தம் பேச்சு மக்களுக்கு விளங்க, நாவின் முடிச்சை அவிழ்க்கும்படியும் துஆ கேட்டார்கள். நபிக்கே அது குறையில்லை என்றால், நமக்கென்ன வெட்கம்?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் தப்பாகப் பேசினால் சிரிக்காதீர்கள். இஷாவுக்குப் பின் வீட்டில் ஆளுக்கு மூன்று வாக்கியம், அன்று மனதில் இருந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலமும் வரும்; பிள்ளையின் மனமும் தெரியும்.

அல்லாஹ் நம் நாவுகளின் முடிச்சை அவிழ்ப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.