சுருதி ஏன் இறங்குச்சு? 44.1, 48 கதை

போன பங்குனி உத்திரத்துக்கு பாலசமுத்திரம் போயிருந்தப்போ, பழனிக்குக் கிளம்பின காவடியோட வந்த நாயனத்தையும் தவிலையும் ரெக்கார்ட் பண்ணேன். மிக்ஸ் முடிச்சு, வாசிச்ச பெரியவர்கிட்டயே போட்டுக் காட்டினேன். பத்து செகண்ட்தான் கேட்டார். "தம்பி, இது என் நாயனம் இல்லப்பா. சுருதி இறங்கிக் கிடக்கு"ன்னார்.

அவர் சொன்னது சரி. ரெக்கார்டர் 48 கிலோஹெர்ட்ஸ், என் ப்ராஜெக்ட் 44.1. நான் எழுதின ஸ்கிரிப்ட், ஃபைலை கன்வெர்ட் பண்ணாம ஹெடர்ல நம்பரை மட்டும் மாத்தியிருக்கு. செகண்டுக்கு 48,000 சாம்பிள் ஓட வேண்டிய இடத்துல 44,100தான் ஓடுச்சு. 10 நிமிஷ வாசிப்பு 10 நிமிஷம் 53 செகண்ட் ஆச்சு; சுருதி ஒன்றரை ஸ்வரஸ்தானம் கிட்ட இறங்கிடுச்சு. அப்படியே எபிசோடுல போயிருந்தா, கேட்கிறவங்க அவர் வாசிப்பைத்தான் குறை சொல்லியிருப்பாங்க.

சரி, எது பெஸ்ட்? நம்ம காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேட்கும். அதைப் பிடிக்க ரெண்டு மடங்குக்கு மேல சாம்பிள் இருந்தா போதும். ரெண்டு ரேட்டும் அதைத் தாண்டிடும். சிடிக்கு 44.1, வீடியோவுக்கு 48. 96ன்னு வெச்சா, 48ஐ விட ஃபைல் டபுள் ஆகும். எதுல ரெக்கார்ட் பண்றீங்களோ அதுலயே மிக்ஸ் பண்ணுங்க. மாத்தணும்னா எக்ஸ்போர்ட் பண்ணும்போது ஒரே ஒரு தடவை, முறையா கன்வெர்ட் பண்ணுங்க.

திருத்தினதை மறுபடி போட்டேன். இந்தத் தடவை பெரியவர், தொடையில தாளம் போட்டுக்கிட்டே, கடைசி வரைக்கும் கேட்டார்.