நாக்கை மடிக்கத் தெரியாத அப்பா

(ஒலி வடிவில் வெளியான எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு ஏற்றபடி சற்றே சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

  ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை தரேன். பக்கத்தில் யாரும் பார்க்கலைன்னா நாக்கை வெளியே நீட்டுங்க. ரெண்டு ஓரத்தையும் மேலே தூக்கி, ஒரு குழல் மாதிரி மடிச்சுப் பாருங்க. வருதா? சிலருக்கு வரும், சிலருக்கு வராது. வராதவங்க கவலைப்பட வேண்டாம். இன்னைக்குப் பேசப்போறதே அதைப் பத்தித்தான்.

வாரத்தில் ஐந்து நாள் நான் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆள். சனிக்கிழமை காலையில் மட்டும், சென்னையில் எங்கள் பகுதியில் இருக்கிற பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கப் போவேன். இருபது இருபத்திரண்டு பேர் வருவார்கள். எல்லாரும் ஏழிலிருந்து ஒன்பது வயது வரை. போன வருஷம் நான் எடுத்த பாடம், நமக்குப் பிறப்பிலேயே வந்தது எது, நாம் கற்றுக்கொண்டது எது என்பது. சுலபமான பாடம் என்று நினைத்துத்தான் போனேன்.

இணையத்தில் தேடினால் இந்தப் பாடத்துக்கு எல்லாரும் சொல்லும் விளையாட்டு ஒன்று உண்டு. அதான், நாக்கு மடிக்கிறது. அது ஒரே ஒரு ஜீன் செய்யும் வேலை, அம்மா அப்பா யாராவது ஒருவரிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். நானும் அப்படியே சொன்னேன். ஒரே கும்மாளம். இருபது நாக்கும் வெளியே. "வீட்டுக்குப் போய் அம்மா அப்பாவையும் மடிக்கச் சொல்லிப் பாருங்க"ன்னு ஹோம்வொர்க் வேறு கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஒரு பையன் எழுந்து நின்றான். "மிஸ், எனக்கு வருது. எங்கம்மாவுக்கும் வரல, எங்கப்பாவுக்கும் வரல" என்றான். நான் பதில் யோசிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்படின்னா நீ அவங்க பிள்ளையே இல்லடா!" வகுப்பே சிரித்தது. நானும் லேசாகச் சிரித்துவிட்டு, "அப்படியெல்லாம் இல்ல, உட்காரு"ன்னு சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டேன்.

அன்று ராத்திரி பத்து மணிக்கு அவனுடைய அம்மாவிடமிருந்து போன். "மிஸ், பையன் சாப்பிட மாட்டேங்கிறான். என்னை எங்கிருந்து எடுத்துட்டு வந்தீங்கன்னு கேட்டு அழுறான். அவங்கப்பாவும் ஒரு மாதிரி ஆயிட்டாரு. நீங்க என்னதான் சொல்லிக்கொடுத்தீங்க?" குரலில் கோபத்தைவிட பயம் அதிகமாக இருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. யோசிச்சுப் பாருங்க, எட்டு வயசுப் பிள்ளை ஒருத்தன், நான் விளையாட்டாகச் சொன்ன ஒரு வரியால் தன் அப்பா அம்மாவையே சந்தேகப்படுகிறான்.

தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் தெரிந்தது, நான் சொன்ன அறிவியலே தப்பு.

நாக்கு மடிப்பது பரம்பரையாக வருகிறது என்று 1940-ல் எழுதியவர் ஆல்ஃபிரெட் ஸ்டர்டெவன்ட். சாதாரண ஆள் இல்லை, மரபியலில் பெரிய பேர். ஆனால் 1951-ல் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. ஆறு, ஏழு வயதில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பிள்ளைகளால் நாக்கை மடிக்க முடிந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் பார்த்தால், முக்கால்வாசிப் பேரால் முடிந்தது. அதாவது, வளர வளரச் சிலர் கற்றுக்கொள்கிறார்கள். 1952-ல் இன்னொரு ஆய்வு. ஒரே மாதிரி இருக்கும் இரட்டையர்களை 33 ஜோடி எடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஜீன்கள் ஒன்றேதான். அப்படியும் 7 ஜோடிகளில் ஒருவருக்கு வருகிறது, மற்றவருக்கு வரவில்லை. ஒரே ஜீனின் வேலை என்றால் இது நடக்கவே கூடாது. ஸ்டர்டெவன்டே தான் சொன்னது சரியில்லை என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். அவர் விட்டுவிட்டார், பாடப் பயிற்சிகள் விடவில்லை. நானும் விடவில்லை.

அந்த வாரம் முழுக்க யோசித்தேன். சனிக்கிழமை வகுப்புக்குப் போனதும் முதல் வேலையாக, "போன வாரம் மிஸ் உங்களுக்குத் தப்பா சொல்லிக்கொடுத்துட்டேன்" என்று சொன்னேன். பிள்ளைகள் அப்படியே வாயைப் பிளந்து பார்த்தார்கள். டீச்சர் தப்பு என்று சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை போல. இரட்டையர் கதையைச் சொன்னேன். அந்தப் பையன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்போ எங்கப்பா பிராக்டிஸ் பண்ணா வருமா மிஸ்?" என்று கேட்டான். "வரலாம், வராமலும் போகலாம். ரெண்டுமே அவர் உன் அப்பாவா இல்லையான்னு சொல்லாது" என்றேன். உட்கார்ந்துவிட்டான். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு பாடத்தை முழுசாக மாற்றினேன். முதலில் மனிதர்களை விட்டுவிட்டேன். விலங்குகளிலிருந்து ஆரம்பித்தேன். விலங்கு என்றால் யார் மனசும் நோகாது.

நம்ம ஊர்க் குயிலை எடுத்துக்கோங்க. குயில் தானே கூடு கட்டாது, காக்கா கூட்டில் முட்டையிடும். குஞ்சு பொரிந்ததும் ஊட்டி வளர்ப்பது காக்காதான். ஆனால் அந்தக் குஞ்சு பெரிசானதும் காக்கா மாதிரி கரைவதில்லை, குயில் மாதிரிதான் கூவுகிறது. இது பிறப்பிலேயே வந்தது. அடுத்தது கிளி. மனிதர் பேச்சைக் கேட்டுக்கேட்டுப் பேசுகிற கிளி உண்டு. ஆனால் அதன் குஞ்சு பேசிக்கொண்டே முட்டையிலிருந்து வெளியே வராது. இது கற்றுக்கொண்டது. அப்புறம் நம்ம பெசன்ட் நகர் கடற்கரை ஆமைகள். மணலுக்குள் பொரிந்து வெளியே வரும் பங்குனி ஆமைக் குஞ்சுக்கு வழிகாட்ட அம்மா அங்கே இருக்காது. ஆனாலும் வெளிச்சமான அடிவானத்தைப் பார்த்து நகரும். இருட்டில் கடல் பக்கம்தான் வெளிச்சமாக இருக்கும். நாம் தெருவிளக்கு போட்டதால் ஊர் பக்கம் திரும்பிவிடுகிறது. அதனால்தான் தன்னார்வலர்கள் ராத்திரி நடந்து முட்டைகளைப் பாதுகாக்கிறார்கள். ஒரு பிள்ளை கேட்டாள்: "அப்போ அதுக்கு பிறந்ததிலேயே தெரிஞ்சது, இப்போ அதுக்கே ஆபத்தா மிஸ்?" எனக்கு இந்தக் கோணம் தோணவே இல்லை.

பிறகு மூன்று கூடைகள் வைத்தேன். ஒன்றில் 'பிறப்பில் வந்தது', ஒன்றில் 'கத்துக்கிட்டது', ஒன்றில் 'ரெண்டும் சேர்ந்தது' என்று எழுதி ஒட்டினேன். மூக்கின் வடிவம், சுருட்டை முடி, சைக்கிள் ஓட்டுவது, தமிழ் பேசுவது, முட்டியில் இருக்கும் தழும்பு, உயரம், கோபம் என்று அட்டைகள். மூக்கு, சைக்கிள் எல்லாம் நிமிஷத்தில் போய்விட்டன. உயரத்தில்தான் சண்டை. "எங்கப்பா உயரம், அதனால நானும் உயரம்" என்றான் ஒருவன். "நல்லா சாப்பிட்டாதான் வளருவன்னு எங்க ஆயா சொல்லும்" என்றாள் இன்னொருத்தி. ரெண்டு பேர் சொன்னதும் சரி. உயரத்துக்கு ஜீன் ஒரு எல்லையைக் காட்டும். அதைத் தொடுவது சின்ன வயதில் கிடைக்கும் சோற்றையும் உடம்பு நோயில்லாமல் இருப்பதையும் பொறுத்தது. 1982-ல் வந்த சத்துணவுத் திட்டமும் 2022-ல் வந்த காலை உணவுத் திட்டமும் சும்மா வயிறு நிறைவதற்கு மட்டும் இல்லை என்று அன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். மூன்றாவது கூடை நிரம்பிக்கொண்டே போனது. கோபம் எந்தக் கூடை என்று கடைசிவரை முடிவாகவில்லை. அந்த அட்டை இன்னும் என் பையில்தான் இருக்கு.

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி ஒன்று அன்றைக்கு வந்தது. ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "எங்க பாட்டிக்குக் காது குத்தியிருக்கு, எங்கம்மாவுக்குக் குத்தியிருக்கு, எனக்கும் குத்தியிருக்கு. ஆனா எங்க தங்கச்சிப் பாப்பா காதில ஓட்டையே இல்லாம பொறந்திருக்கே, ஏன்?" இதே கேள்விக்காக 1880-களில் ஆகஸ்ட் வைஸ்மன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி எலிகளின் வாலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டிப் பார்த்தார். குட்டிகள் முழு வாலோடுதான் பிறந்தன. நம்ம வீட்டுப் பாட்டிகள் எத்தனையோ தலைமுறையாகக் காது குத்தி அதே சோதனையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். உடம்புக்கு வெளியிலிருந்து நாம் செய்வது பிள்ளைக்குப் போகாது. ஒவ்வொரு குழந்தைக்கும் மாமா மடியில் உட்காரவைத்துப் புதுசாகத்தான் குத்தணும்!

இதுவரைக்கும் ஜாலிதான். அடுத்து ஒரு பையன் சொன்னது என்னை உலுக்கிவிட்டது. 'கணக்கு' என்று ஓர் அட்டை எடுத்தான். நேராக முதல் கூடையில் போட்டான். "ஏன்பா?" என்றேன். "எங்கப்பாவுக்குக் கணக்கு வராது. எங்க தாத்தாவுக்கும் வராது. எங்க வீட்டுக்கே வராது மிஸ். ரத்தத்திலேயே இல்ல." இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வருத்தமே இல்லை. மழை பெய்யுதுன்னு சொல்ற மாதிரி சொன்னான். அதுதான் எனக்கு வலித்தது.

அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டேன். கொத்தனார். "சுவரோட மூலை கோணலாகாம எப்படிக் கட்டுவாருன்னு அவர்கிட்ட கேட்டுட்டு வா" என்றேன். அடுத்த வாரம் ஒரு டேப்போடு வந்தான். ஒரு பக்கம் மூணு அடி அளந்து ஒரு குறி, இன்னொரு பக்கம் நாலு அடி அளந்து ஒரு குறி. ரெண்டு குறிக்கும் நடுவில் குறுக்கே சரியாக அஞ்சு அடி வந்தால் மூலை மட்டம் என்று தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டினான். நீங்கள் எட்டாம் வகுப்பில் படித்த அதே பித்தாகரஸ் தேற்றம். "எங்கப்பா இது கணக்குன்னே நினைக்கல மிஸ். மேஸ்திரி சொல்லிக்கொடுத்தாராம்" என்றான்.

மேஸ்திரி சொல்லிக்கொடுத்தார். அந்த வார்த்தையை வகுப்பில் எல்லாரையும் ஒரு தடவை சொல்லச் சொன்னேன். இது ரத்தத்தில் வந்தது இல்லை, ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குக் கைப்பிடித்துச் சொல்லிக்கொடுத்தது. பையன் அட்டையை எடுத்தான், கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றான், மூன்றாவது கூடையில் போட்டான். அவனுக்கு இன்னும் வகுத்தல் தடுமாறுது. ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. ஆனால் இப்போது 'வராது' என்று சொல்வதில்லை, 'இன்னும் வரல' என்கிறான்.

இது ஒரு பையனோட கதை மட்டும் இல்லை. நம்ம மண்ணில் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பை ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தார்கள். மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் குடும்பத் தொழிலைக் கற்கட்டும் என்றார்கள். இருக்கும் ஆசிரியர்களை வைத்து இன்னும் நிறையப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்பது அரசு சொன்ன காரணம். எதிர்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். அப்பன் செய்த வேலையைத்தான் பிள்ளையும் செய்யணுமா என்று ஊர் ஊராகக் கேட்டார்கள். 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. எது பிறப்பால் வருகிறது, எது கற்றால் வருகிறது என்பது நமக்கு வெறும் அறிவியல் பாடம் இல்லை. தெருவில் இறங்கிப் போராடித் தீர்த்த கேள்வி அது.

கடைசியாக ஒன்று. 'உன் அம்மா அப்பாவிடமிருந்து உனக்கு என்ன வந்தது?' என்று நான் முதலில் ஒரு தாள் தயாரித்திருந்தேன். அதில் ஒரு பிள்ளை எதுவுமே எழுதாமல் திருப்பிக் கொடுத்தாள். அவளை வளர்ப்பது பக்கத்து வீட்டு ஆயா. ரத்த உறவு கிடையாது. எனக்கு அது தெரியவே தெரியாது. இப்போது அந்தத் தாளில் 'உன்னை வளர்க்கிறவங்ககிட்ட இருந்து என்ன கத்துக்கிட்ட?' என்றுதான் இருக்கிறது. அவள் எழுதியதை மட்டும் சொல்லிட்டு முடிச்சுக்கறேன்: 'பூ கட்ட. தைரியமா பேச. மழை வரும்னு வாசனையிலேயே கண்டுபிடிக்க.'

உங்க வீட்டிலும் அக்கா பிள்ளையோ தம்பி பிள்ளையோ இருப்பாங்க. அடுத்த தடவை "அப்படியே அப்பனை உரிச்சு வெச்சிருக்கு"ன்னு சொல்ல வாய் வரும்போது, மூக்கோட நிறுத்திக்கோங்க. படிப்பு வரை போக வேண்டாம்.

ஆங், மறந்துட்டேன். அந்தப் பையனோட அப்பாவுக்கு இன்னும் நாக்கு மடிக்க வரல. தினமும் ராத்திரி சாப்பிட்டதும் கண்ணாடி முன்னாடி ரெண்டு பேரும் நின்னு பிராக்டிஸ் பண்றாங்களாம்.