சீட்டில் எழுதியிருப்பது என்ன?

(மாணவர் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தப்ப எனக்குப் பதினாறு வயசு. அச்சடிச்ச தாள் ஒன்றை நீட்டி, “இங்க கைநாட்டு வை”ன்னாங்க. அம்மா வச்சாங்க. கர்ப்பப்பையை எடுத்துட்டாங்கங்கிறது ஆறு மாசம் கழிச்சு வேற ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சது.

அந்தத் தாளுக்குப் பேரு ‘கன்சென்ட்’. தமிழில் சம்மதம். என்ன நோய், என்ன செய்யப் போகிறோம், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா - இவ்வளவையும் புரியும்படி சொல்லிவிட்டுக் கேட்பதுதான் சம்மதம். வெறும் கைநாட்டு சம்மதம் ஆகாது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தாலொழிய, பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதத்தை வைத்து அறுவை செய்யக்கூடாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கும் ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை எடுத்தது பற்றியதுதான்.

அடுத்தது, ‘அனீமியா’. “ரத்தம் கம்மி”ன்னு சொல்லி அனுப்பிடுறாங்க. உடம்புல ரத்தமே வத்திப்போச்சுன்னு நம்ம பெண்கள் பயப்படுறாங்க. அப்படியில்லை. மூச்சுக்காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சுமந்து போகிற சிவப்புப் பொருள் ஹீமோகுளோபின். அது குறைவதுதான் ரத்தசோகை. கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவு, கொக்கிப்புழு, அதிக மாதவிடாய்ப் போக்கு எனக் காரணங்கள் பல. “கீரை, கறி, பழம் சாப்பிடு”ன்னு சொல்றவங்க, அதை வாங்கக் கூலி பத்துமான்னு கேக்கிறதில்லை.

கடைசியாக ஒரு சொல், ‘கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்’. இதயமும் மூச்சும் நின்றுபோச்சு என்பதுதான் அர்த்தம். செத்தவர் எல்லாருக்கும் அதுதானே நடக்குது? அது சாவு; சாவுக்கான காரணமல்ல. மலக்குழிக்குள் இறக்கப்பட்ட நம் தோழனின் மூச்சை நிறுத்தியது ஹைட்ரஜன் சல்பைடு போன்ற விஷவாயு. இறக்கிவிட்டது சாதி. 1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தாளில் மாரடைப்பு என்று ஒரு சொல் விழுந்துவிட்டால், அந்தக் குடும்பம் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியதுதான். ஆகவே பிரேதப் பரிசோதனை அறிக்கையை வாங்கி, சாவுக்குக் காரணம் என்ன எழுதியிருக்கிறதென்று வரிவரியாகப் படியுங்கள்.

படித்த பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஆஸ்பத்திரிக்குப் போகிற நம்மாளுங்களைத் தனியா அனுப்பாதீங்க. “இதுக்கு என்ன அர்த்தம், தமிழ்ல சொல்லுங்க”ன்னு கேளுங்க. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவ கவுன்சில் விதி. கேட்டு வாங்குங்க.

அன்னைக்கு எங்கம்மா பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தவன் நான். பத்தாவது படிச்சிருந்தேன். அந்தத் தாளை வாங்கிப் படிக்கணும்னு எனக்குத் தோணலை. உங்களுக்குத் தோணணும்.